‘நாம’ன்னா யாரு?

2023 ஏப்ரல் 18, செவ்வாய்க்கிழமை. வேலை இடத்தில் இருந்தேன். கைப்பேசியில் தீர்ப்புச் செய்தியைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், எங்கள் வட்டார இளைஞர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டதுதான். “நாம ஜெயிச்சிட்டோம்!”

கைதட்டலும் கட்டைவிரலும் வரிசையாக வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு சைக்கிள் மிதிக்க வரும் பையன்கள் எல்லாரும் குதித்தார்கள். கிள்ளானில் இருக்கும் ஓர் அக்கா, எங்கள் சமய வகுப்பில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக் கொடுப்பவர், அவர் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். “‘நாம’ன்னா யாரு தம்பி?”

நான் பதில் போடவில்லை. போடத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. கேள்வி சின்னதுதான். ஆனால் அது என்னை ஓராண்டுக்கு மேல் விடவில்லை. ஜாவாவில் ஓர் எரிமலை வரைக்கும் கூடவே வந்தது. தம்பி தங்கைகளே, அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கடைசியில் நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கியாரா குன்று

கோலாலம்பூரில் மலைச் சைக்கிள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் புக்கிட் கியாரா என்ற பெயர் வந்துவிடும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டியிருக்கும் குன்று. கினபாலுவைப் பார்த்தவர்களிடம் இதை மலை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், நெரிசல் தொடங்குவதற்குள் மண் பாதையில் சக்கரத்தை வைத்துவிடலாம். ஒரு சைக்கிள் மட்டும் போகிற அகலம். மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து போகும். வேர்களின் மேல் ஏறி இறங்கும்போது நகரம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

இந்தத் தடங்கள் தானாக வந்தவை அல்ல. ட்ரேக்ஸ் என்ற அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்களும் அவர்களைப் போன்ற பலரும் ஞாயிறு ஞாயிறாக மண்வெட்டி பிடித்துப் போட்டவை. மலாய்க்காரர், சீனர், இந்தியர், இங்கே வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் என்று எல்லாரும் அதில் உண்டு. சம்பளம் கிடையாது.

தடம் போடுவது சும்மா மண்ணைக் கிளறும் வேலை இல்லை. நம்மைப் போன்ற மழை நாட்டில் தடத்துக்கு எதிரி தண்ணீர். சரிவைப் பக்கவாட்டில் வெட்டி, வெளிப்புறம் கொஞ்சம் சாய்த்துவிட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையின் மேல் ஓடாமல் குறுக்கே கடந்து வடியும். ஈர மண்ணில் ஒருவன் பிரேக்கை அழுத்திச் சறுக்கினால் ஒரு கோடு விழுகிறது. அடுத்த மழை அந்தக் கோட்டில் ஓடுகிறது. கொஞ்ச நாளில் கோடு வாய்க்காலாகிவிடும். அதைச் சரி செய்ய யாரோ ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டும். சறுக்கியவனுக்கு அந்த முகம் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கியாராவில் நீங்கள் பார்க்கும் மரங்களில் நிறைய ரப்பர் மரங்கள். ஏனென்றால் இது காடாக இருந்து பூங்கா ஆன குன்று இல்லை. இடையில் தோட்டமாக இருந்தது. புக்கிட் கியாரா எஸ்டேட். அங்கே பால் வெட்டியவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். வெயில் ஏறினால் பால் சீக்கிரம் உறைந்துவிடும் என்பதால் விடியும் முன்னே எழுந்து, இருட்டில் பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகும் வேலை. ஒருவருக்கு நானூறு, ஐநூறு மரங்கள். மரத்திலிருந்து மரத்துக்கு நடந்து நடந்து விழுந்ததுதான் அந்தக் காலத்துப் பாதை. என் பாட்டி வெட்டியது கியாராவில் இல்லை, கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஆனால் பாட்டியின் பாதம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். கியாராவில் தொண்ணூறு ரிங்கிட் கையுறை போட்டுக்கொண்டு இறங்கும்போது ஒருநாளும் அந்தப் பாதம் எனக்கு ஞாபகம் வந்ததில்லை.

தீர்ப்பு வந்த கதை

எழுபதுகளில் அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. தோட்ட வேலை செய்த குடும்பங்கள் 1982-இல் குன்றின் அடியில் ரூமா பாஞ்சாங்கில் குடிவைக்கப்பட்டன. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். தற்காலிகம் என்று சொல்லித்தான் வைத்தார்கள். நிரந்தர வீடு பிறகு வரும் என்றார்கள். அந்தப் ‘பிறகு’ வருவதற்குள் குழந்தைகள் வளர்ந்து, கல்யாணம் முடித்து, அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்தாயிற்று. ஏறக்குறைய 100 குடும்பங்கள்.

பக்கத்திலேயே தாமான் ரிம்பா கியாரா, சுமார் 25 ஏக்கர் பூங்கா. 2017-இல் அதில் 12 ஏக்கரில் உயரமான கட்டடங்கள் எழுப்ப மாநகர் மன்றம் மேம்பாட்டு அனுமதி கொடுத்தது. 42 முதல் 54 மாடி வரை எட்டு சேவை அடுக்குமாடிகள். கூடவே 29 மாடியில் ஒரு கட்டுப்படி விலைக் கட்டடம். ரூமா பாஞ்சாங் குடும்பங்களுக்கு அதில்தான் வீடு என்றார்கள்.

தாமான் துன் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2018-இல் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. தீர்ப்பை எழுதியவர் நம் இனத்தைச் சேர்ந்த நீதிபதி நளினி பத்மநாதன். நகரத்தின் கட்டமைப்புத் திட்டத்தில் பொதுத் திடல் என்று குறித்த இடத்தை, காரணம் சொல்லாமல் நினைத்தபடி மாற்றிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாட்டில் எல்லாப் பூங்காக்களுக்கும் அது ஒரு காவல். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் அதே வழக்கில் ரூமா பாஞ்சாங் குடியிருப்பாளர் சங்கமும் ஒரு தரப்பு. எதிர்த் தரப்பு. நாற்பது ஆண்டாகக் காத்திருந்தவர்களுக்கு அந்த 29 மாடிக் கட்டடம்தான் கண்ணுக்குத் தெரிந்த ஒரே கதவு. பூங்காவைக் காக்கப் போராடியவர்கள் இவர்களுக்கு எதிரிகள் இல்லை. இருக்கிற இடத்திலேயே நிரந்தர வீடு கட்டிக் கொடுங்கள், அதற்காகப் பூங்காவை விழுங்காதீர்கள் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். இருந்தாலும் அன்றைய தினம் ஒரு பக்கம் கைதட்டியது, இன்னொரு பக்கம் வாய் அடைத்து உட்கார்ந்தது.

நான் கைதட்டிய பக்கம். “நாம ஜெயிச்சிட்டோம்” என்று எழுதியபோது அந்த 100 குடும்பங்கள் என் ‘நாம’வில் இல்லை. அக்கா கேட்டது அதைத்தான்.

எரிமலைக்குப் போனோம்

அடுத்த ஆண்டு ஜூலையில் ஐந்து பேர் கிழக்கு ஜாவாவுக்குப் போனோம். எங்களில் ஆகச் சின்னவன் எஸ்பிஎம் முடித்துவிட்டுப் பகுதி நேர வேலை பார்த்துக் காசு சேர்த்தவன். சுரபாயாவில் இறங்கி, புரோபோலிங்கோ வழியாக மேலேறி, செமோரோ லாவாங் என்ற கிராமத்தில் தங்கினோம். சைக்கிளை அங்கே வாடகைக்கு எடுத்தோம்.

எரிமலை நாட்டில் சைக்கிள் ஓட்டுவது வேறு அனுபவம். கிராமமே 2,000 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கியாராவில் மூச்சு வாங்காத ஏற்றத்தில் அங்கே நாக்கு தள்ளிவிடும். கிராமத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே ஒரு பெரிய கிண்ணம். என்றைக்கோ வெடித்துச் சரிந்த பழைய எரிமலையின் வாய். அதன் தரை முழுக்கச் சாம்பல் நிற மணல். கடல் போல் கிடப்பதால் மணல் கடல் என்றே பெயர். நடுவே 2,329 மீட்டர் புரோமோ புகைந்துகொண்டிருக்கிறது. தெற்கே 3,676 மீட்டர் செமெரு, ஜாவாவிலேயே உயர்ந்த சிகரம். பெயர்களைக் கவனியுங்கள். புரோமோ, நம் பிரம்மா. செமெரு, நம் மேரு.

மணலில் டயர் காற்றைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். முன் சக்கரத்தைத் திருகாமல், உடம்பைப் பின்னால் தள்ளி, ஒரே சீராக மிதிக்க வேண்டும். கொஞ்சம் யோசித்து நின்றாலும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நாங்கள் தள்ளியதுதான் அதிகம்! ஓட்டிய தடத்தைத் திரும்பிப் பார்த்தால் காற்று அதை அழித்துக்கொண்டே வருகிறது. தம்பி சொன்னான்: “இது நல்லா இருக்குண்ணே. கியாராவுல ஒருத்தன் சறுக்கினா மாசக்கணக்கா தெரியும். இங்க நாம வந்ததே தெரியாது.”

அப்படியே போனால் புரோமோவின் அடிவாரத்தில், மணலுக்கு நடுவே ஒரு கோயில். புரா லுஹுர் போத்தென். அங்கே வாழும் தெங்கர் மக்கள் இந்துக்கள். மஜபாஹித் காலத்திலிருந்து வழிவழியாக இந்த மலைச்சரிவில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்பவர்கள். நிமிர்ந்து நிற்க முடியாத சரிவில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வெங்காயத்தாளும் பயிரிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை கசடா மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி, விளைந்ததில் நல்லதை எடுத்துக்கொண்டு இரவில் மலை ஏறி எரிமலையின் வாய்க்குள் போடுகிறார்கள். காய்கறி, கோழி, ஆடு, பணம் என்று எல்லாம் போகும்.

அதற்குப் பின்னால் ஒரு கதை. பிள்ளையில்லாத ரோரோ அந்தெங், ஜோகோ செகெர் தம்பதி மலையிடம் வேண்டிக்கொண்டார்கள். 25 பிள்ளைகள் பிறந்தார்கள். கடைசிப் பிள்ளையைக் கொடுப்பதாக வாக்கு. வாக்கை மறந்தார்கள். மலை மறக்கவில்லை. கெசுமா என்ற அந்தக் கடைக்குட்டி தீக்குள் போனான். தன் உடன்பிறந்தவர்கள் பிழைத்திருக்க, ஆண்டுதோறும் விளைச்சலில் ஒரு பங்கைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டான். தெங்கர் என்ற பெயரே அந்த அம்மா அப்பா பெயர்களின் கடைசி அசைகள் சேர்ந்தது என்பார்கள்.

இந்தக் கதையைச் சொன்னவர் எங்களுக்கு அறை கொடுத்த பெரியவர். நாங்களும் இந்துக்கள் என்று தெரிந்ததும் காப்பியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். நம் மலாயும் அவர் பேச்சும் முக்கால்வாசி ஒத்துப்போயின.

கித்தாவும் காமியும்

மறுநாள் சம்பவம். மணலைத் தாண்டினால் புல்வெளி. அலை அலையாகப் பச்சை மேடுகள். தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. பாதையை விட்டு விலகி, புல்மேட்டின் உச்சிக்கு ஏறி, நேர்க்கோட்டில் கீழே இறங்க வேண்டும், அதை நாங்கள் படம் பிடிக்க வேண்டும். “முப்பது செகண்ட்தாண்ணே. செமையா வரும்.”

வேண்டாம் என்றேன். “டிக்கெட் எடுத்திருக்கோம்ல? வெளிநாட்டுக்காரன் ரேட்டு வேற. அப்புறம் என்ன?” என்றான். எனக்கும் சரியான பதில் வரவில்லை. சின்ன வாக்குவாதமாகி, கடைசியில் அவன் ஏறவில்லை. முகம் மட்டும் தொங்கிப்போயிற்று.

மாலையில் பெரியவரிடம் அவனே கேட்டான். பாதையை விட்டு ஏறினால் தப்பா பாக்? அவர் கோபப்படவில்லை. 2023 செப்டம்பரில் நடந்ததைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வந்த ஒரு கூட்டம், புகை அழகாக வரட்டும் என்று அந்தப் புல்வெளியில் தீப்பொறிக் குச்சியைக் கொளுத்தியது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. 500 ஹெக்டேருக்கு மேல் எரிந்துபோனது. மலையிலிருந்து கிராமங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களும் வெந்துபோயின. “அவர்களும் டிக்கெட் எடுத்துத்தான் வந்தார்கள்” என்றார்.

பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இனி குனோங் கித்தா” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இரவு குளிரில் போர்வைக்குள் கிடந்தபோது தம்பி என்னை எழுப்பினான். “அண்ணே, அவரு என்ன சொன்னாருன்னு கவனிச்சீங்களா? ‘குனோங் காமி’ன்னு சொல்லல. ‘குனோங் கித்தா’ன்னாரு.”

மலேசியாவில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கித்தாவுக்கும் காமிக்கும் வித்தியாசம் தெரியாமல் கட்டுரை எழுதி எத்தனை முறை சிவப்பு மை வாங்கியிருப்போம்! காமி என்றால் கேட்பவன் அதில் இல்லை. கித்தா என்றால் கேட்பவனும் சேர்த்தி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழில் நம்மிடமும் இரண்டு உண்டு. நாங்கள், நாம். ‘எங்க வீடு’ என்றால் நீ விருந்தாளி. ‘நம்ம வீடு’ என்றால் நீயும் வீட்டு ஆள். சாப்பாடும் உனக்கு உண்டு, பாத்திரம் கழுவும் வேலையும் உனக்கு உண்டு.

அந்தப் பெரியவர் ‘எங்க மலை, ஏறாதே’ என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது. அதற்குப் பதிலாக ‘நம்ம மலை’ என்றார். அதைக் கேட்ட பிறகு எங்கள் யாருக்கும் புல்மேட்டில் ஏறும் ஆசை வரவில்லை. தடையை மீறலாம். டிக்கெட் விதிக்கு ஓட்டை கண்டுபிடிக்கலாம். நம்ம வீட்டுக் கூடத்தில் யாராவது செருப்போடு சைக்கிள் ஓட்டுவார்களா?

அந்த இருட்டில்தான் எனக்கு அக்காவின் கேள்வி திரும்ப வந்தது. ஐந்து வெளிநாட்டுப் பையன்களை ஒரு தெங்கர் பெரியவர் ஒரே நாளில் தன் ‘கித்தா’வுக்குள் எடுத்துக்கொண்டார். நாற்பது ஆண்டாகக் குன்றின் அடியில் இருக்கும் நம் சொந்த மக்களை நான் என் ‘நாம’வுக்குள் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று மறுப்புகள்

திரும்பி வந்த பிறகு இதை எங்கள் ஞாயிறு வகுப்பில் பேசினேன். மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றும் நியாயமானவை. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவது தம்பி சொன்ன அதே டிக்கெட் வாதம். காசு கொடுத்தால் கணக்கு முடிந்தது. கியாராவில் காசே இல்லை, அப்படியென்றால் கணக்கே இல்லை. இதற்கு நம் சமயம் ஒரு பழைய பதில் வைத்திருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே கடனோடு பிறக்கிறான் என்பது வேத மரபு. தேவர்களுக்கு, ரிஷிகளுக்கு, முன்னோர்களுக்கு. நாம் கேட்டு வாங்காத கடன், ஆனாலும் கடன். பெற்றதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்காமல் அனுபவிப்பவனைக் கீதையின் மூன்றாம் அத்தியாயம் கள்வனோடு சேர்க்கிறது. தமிழில் பாருங்கள், கடன் என்றால் திருப்பித் தர வேண்டியதும் அதுதான், செய்ய வேண்டிய கடமையும் அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல். டிக்கெட் என்பது வாசலைத் திறக்கும் காசு. உள்ளே இருக்கும் தடத்தை யார் போட்டது, யார் காப்பது, அதற்கு முன் அங்கே யார் வியர்வை விழுந்தது என்ற கணக்கு அதில் அடங்காது.

இரண்டாவது மறுப்பு ஒரு தங்கை சொன்னது. “அண்ணே, வாரம் முழுக்க வேலை, ஜாம், பாஸ் திட்டு. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டுறதுல கூட தத்துவமா? மனுஷன் நிம்மதியா விளையாடக்கூடாதா?”

விளையாடலாம். விளையாட வேண்டும். நம் தெய்வங்களே விளையாடுகிறவர்கள்தான். குன்றுதோறும் ஆடுபவன் என்றுதானே குமரனைச் சொல்கிறோம்? ஒவ்வொரு வளைவிலும் வரலாற்றை நினைத்து அழுதுகொண்டே ஓட்டினால் மரத்தில்தான் மோதுவோம். நான் கேட்பது ஓட்டும்போது இல்லை. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும். பத்துமலையில் 272 படி ஏறும் முன் செருப்பைக் கழற்றுகிறோம். அதனால் தைப்பூசத்தின் சந்தோஷம் ஒரு துளி குறைகிறதா? கழற்றிவிட்டு ஏறுவதால்தான் அது வெறும் படிக்கட்டாக இல்லை.

மூன்றாவது மறுப்பு எனக்கே உள்ளுக்குள் வந்தது. இதுதான் ஆபத்தானது. கியாரா நம் பாட்டன் பாட்டி பால் வெட்டிய மண். அப்படியென்றால் அது நம்ம மண். மற்றவர்கள் எல்லாம் பிறகு வந்தவர்கள்தானே?

இப்படி நினைத்ததும் மார்பு கொஞ்சம் நிமிர்கிறது, இல்லையா? அங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ரப்பருக்கு முன் அங்கே காடு இருந்தது. சிலாங்கூர்க் காடுகளில் தெமுவான் பழங்குடியினர் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். யார் முன்னால் என்று போட்டி வைத்தால் நாம் முதல் இடத்தில் இல்லை. தோட்டம் போன பிறகு மண்வெட்டி பிடித்துத் தடம் போட்டவர்களில் நம் இனத்தவர் சிலர்தான். பூங்காவை நீதிமன்றத்தில் காத்தவர்களில் பலர் வேறு இனத்தவர். ‘நாங்கள் உழைத்தோம், ஆகவே எங்களுடையது’ என்பது வெறும் ‘காமி’. அதை ‘நாம’ என்ற சொல்லால் மூடி வைத்தாலும் உள்ளே இருப்பது காமிதான். ஏப்ரல் 18 அன்று நான் செய்ததும் அதே தப்பு, ஆள் மட்டும் வேறு. அன்று சைக்கிள்காரர்களை ‘நாம’ என்றேன். இன்று தமிழர்களை மட்டும் ‘நாம’ என்றால் திருந்தியதாக ஆகுமா?

தெங்கர் பெரியவரின் பாட்டன்மார் நூற்றாண்டுகளாக அந்த மலைக்குப் படையல் போட்டவர்கள். உரிமை கொண்டாட அவரைவிடத் தகுதி யாருக்கு? அவர்தான் கித்தா என்றார். மண்ணோடு நீண்ட உறவு இருப்பவன் கதவை அகலத் திறக்கவும் முடியும் என்று அன்று பார்த்தேன்.

அப்படியென்றால் என்ன செய்வது?

‘நாம’ என்பது பிறப்பில் கிடைக்கும் சொல் இல்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் வந்துவிடும் சொல்லும் இல்லை. பொறுப்பை ஏற்கும் அளவுக்குத்தான் அது உண்மையாகிறது. எவருடைய கஷ்டத்தில் பங்கெடுக்க நான் தயாராக இல்லையோ, அவரையும் சேர்த்து ‘நாம’ என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

இதைச் செயலில் எப்படிக் காட்டுவது? பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கனமழை பெய்த மறுநாள் காலை கியாராவில் ஓட்டாதீர்கள். மண் காயட்டும். சேற்றுக் குட்டை வந்தால் சுற்றிப் போய்ப் பாதையை அகலப்படுத்தாமல் இறங்கித் தூக்கிக்கொண்டு நடங்கள். நடந்து வருபவருக்கு வழிவிட்டு, வணக்கமோ செலாமாட் பாகியோ சொல்லுங்கள். நான்கு ஞாயிறு ஓட்டினால் ஒரு ஞாயிறு தடம் சீர்செய்யும் கோத்தோங் ரோயோங்கில் மண்வெட்டி பிடியுங்கள். இதை எங்கள் குழுவில் விதியாகவே வைத்துவிட்டோம். தம்பிதான் அதற்குப் பொறுப்பு. புல்மேட்டில் ஏற முடியாத கோபத்தை இப்போது மண்வெட்டியில் காட்டுகிறான்.

இது பாதி. மீதி பாதி கடினம். குன்றின் அடியில் இருக்கிறவர்கள்.

ஒரு ஞாயிறு காலை ஓட்டி முடித்துவிட்டு, அக்காவோடு அங்கே போனோம். அக்காவின் சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வயதான அம்மா. தேநீர் போட்டுக் கொடுத்தார். நான் தீர்ப்பைப் பற்றித் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார். “இதுலயா மேல ஏறுறீங்க? நாங்க வாளியத் தூக்கிட்டு ஓடுவோம். கொட்டிட்டா அன்னைக்குக் கூலி போச்சு” என்றார். எந்தப் பக்கம் எந்த நிரை இருந்தது என்று கையைக் காட்டிச் சொன்னார். நான் நூறு முறை இறங்கிய சரிவு அது.

வெளியே வந்ததும் அக்காவிடம் சொன்னேன், “இப்போ உங்க கேள்விக்குப் பதில் கெடச்சிடுச்சுக்கா. இவங்களும் சேர்ந்ததுதான் நாம.”

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காரில் ஏறும் முன் திரும்பிப் பார்த்து, “சேர்த்துக்கிட்டேன்னு நீ சொல்றது இருக்கட்டும் தம்பி. அவங்க உன்னைச் சேர்த்துக்கிட்டாங்களான்னு பாரு. பூங்காவுக்குக் கையெழுத்து வாங்க எத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டின? இவங்க வீட்டுக்காக ஒரு கதவைத் தட்டு. அப்புறம் ‘நாம’ன்னு எழுது” என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, வேலைதான் இருந்தது. அடுத்த வாரம் மண்வெட்டியோடு ஒரு கோப்பையும் வாங்கினேன். சட்டம் படிக்கும் ஒரு தங்கை, அந்தக் குடும்பங்களுக்கு எந்த ஆண்டில் என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்று பழைய கடிதங்களை வரிசைப்படுத்தித் தருகிறாள். எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே அவர்களோடு நடந்து போய்க் கொடுப்போம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் ஓடுகிற, நடக்கிற, ஓட்டுகிற ஏதாவது ஒரு தடம் இருக்கும். ஷா ஆலாமில், கெப்போங்கில், கிள்ளானில், எங்கேயாவது. இந்த ஞாயிறு அங்கே போகும்போது ஒரு நிமிடம் நின்று, அக்கா கேட்ட அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் பக்கத்தில் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.